தோண்டியவர் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் டுடெர்டே கொலைக் குற்றச்சாட்டில் கைதான செய்திக் கட்டுரையைப் படித்தேன். 2025 மார்ச்சில் மணிலா விமான நிலையத்தில் பிடித்தது, ஹேக் நகரத்தில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது எல்லாம் விலாவாரியாக வந்திருக்கிறது, சரி. ஆனால் நாலு பக்கக் கட்டுரையில் லெய்லா டி லிமா என்ற பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. விட்டுப்போயிருப்பேனோ என்று திரும்பவும் படித்தேன், இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

தேர்தல் வழக்குகள் நடத்திக்கொண்டிருந்த வக்கீல் அவர். 2008ல் அந்த நாட்டு மனித உரிமை ஆணையத்துக்குத் தலைவரானார். அப்போது டுடெர்டே டாவோ நகர மேயர். மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போகிற கும்பலைப் பற்றி அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 2009ல் டி லிமா அந்த ஊருக்கே போய்ப் பொது விசாரணை வைத்து, மேயரையே வரவழைத்துக் கேள்வி கேட்டார். பிணங்களைப் புதைத்ததாகச் சொல்லப்பட்ட கல் குவாரியில் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. டுடெர்டே அதை மறக்கவே இல்லை.

அப்புறம் 2010ல் நீதித்துறை அமைச்சர். அந்த ஐந்து வருடத்தில் டாவோ கொலைகளுக்காக ஏன் டுடெர்டேயைக் கூண்டில் ஏற்றவில்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அவரைப் பிடித்த எனக்கும் அந்தக் குறை உண்டு. 2016 தேர்தலில், ஜெயித்த பன்னிரண்டு பேரில் கடைசி ஆளாக செனட்டுக்குள் (மேலவைக்குள்) நுழைந்தார். அதே தேர்தலில் டுடெர்டே அதிபர். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் தினமும் தெருவில் பிணம் விழ ஆரம்பித்ததும் டி லிமா செனட்டில் விசாரணையைத் தொடங்கினார். டாவோ கும்பலில் நானும் இருந்தேன் என்று ஒருவர் வந்து சாட்சி சொன்னார். நாலே நாளில் டி லிமாவை அந்த விசாரணையை நடத்திய குழுவின் தலைவர் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதோடு விடவில்லை, அவருடைய அந்தரங்க வாழ்க்கையை நாடாளுமன்ற அவையில் வைத்து ஏலம் போட்டார்கள். ஓர் ஆண் அரசியல்வாதிக்கு இப்படி நடந்திருக்குமா?

2017 பிப்ரவரி 24ல் கைது. சிறையிலிருந்த போதைப்பொருள் வியாபாரிகளிடம் தேர்தல் செலவுக்குப் பணம் வாங்கினார் என்று மூன்று வழக்குகள், சாட்சிகளில் பெரும்பாலோர் தண்டனைக் கைதிகள். கைது செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தில் 9 பேரும், செல்லாது என்று 6 பேரும் சொன்னார்கள்.

நான் முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். வாய்தா மேல் வாய்தா விழுகிற வழக்கில் கட்டின் மேல்தாளில் தேதியை அடித்து அடித்து எழுதி, இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டுவோம். டி லிமா வழக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும். நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள், இந்தம்மா உள்ளேயே இருந்தார். போன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. அறிக்கைகளைக் கையால் எழுதி வெளியே அனுப்பினார், சுற்றித் திரிந்த பூனைகளுக்குச் சோறு வைத்தார். மகனுடைய சட்டப் படிப்புப் பட்டமளிப்புக்குப் போய்வரக் கேட்ட அனுமதியைக்கூடக் கோர்ட் மறுத்துவிட்டது. 2022 அக்டோபரில், தப்பிக்கப் பார்த்த கைதி ஒருவன் அவரைக் கட்டிப்போட்டுக் கூர்மையான ஆயுதத்தை நெஞ்சில் வைத்துப் பிணையாகப் பிடித்தான். போலீஸ் அவனைச் சுட்டுத்தான் மீட்டது. வேறு இடத்துக்கு மாற்றுகிறோம் என்று புது அதிபர் மார்கோஸ் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த வருடமே முக்கியமான சாட்சிகள், மிரட்டியதால் பொய் சொன்னோம் என்று பல்டி அடித்தார்கள். அப்படியும் ஜாமீன் கிடைக்க 2023 நவம்பர் 13 ஆகிவிட்டது. ஆறு வருடம் எட்டு மாதத்துக்கு மேல்! மூன்றாவது வழக்கிலும் விடுதலையானது 2024 ஜூன் மாதம். ஜாமீனே இல்லாத பிரிவில் போட்டு இழுத்தடித்தால் தீர்ப்பு எப்படி வந்தால் என்ன, தண்டனை முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

2025 மே தேர்தலில் கட்சிப் பட்டியல் வழியாக (ஆளுக்கு இல்லாமல் கட்சிக்கு வாக்குப் போடும் முறை) டி லிமா கீழவைக்குத் தேர்வானார். அதே நாளில், ஹேக் சிறையில் இருந்தபடியே டுடெர்டே மறுபடி டாவோ மேயராக ஜெயித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அந்த ஊர் மக்களின் மனசை ஒரு கட்டுரையில் பிடித்துவிட முடியாது. ஆனால் ஹேக் நீதிமன்றத்தின் பிடிவாரண்டில் சொல்லப்பட்ட குற்றங்களின் காலம் 2011 நவம்பரிலிருந்தே தொடங்குகிறது, அதாவது டாவோ கொலைகளும் அதில் வருகின்றன. அந்த ஊரில் முதன்முதலில் அரசு அதிகாரத்தோடு போய்க் கேட்டவரை விட்டுவிட்டு இந்தக் கதையை எப்படி எழுதினீர்கள்?

அடுத்த இதழிலோ அதற்கடுத்ததிலோ டி லிமாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். சிறையிலிருந்து வேண்டாம், அந்தக் குவாரியிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
திண்டுக்கல்.