பட்டா அவர் பெயரில்தான்

அன்பு மாப்பிள்ளைக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தையே நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பார். இங்கே எல்லாரும் சௌக்கியம். பையனுக்குப் பக்கத்திலேயே மாற்றல் கிடைத்துவிட்டது.

அப்புறம், மத்திய அரசு நிறுவனமான கெயில் விவசாய நிலங்கள் வழியாகப் பதிக்கும் காஸ் குழாய்க்கு எதற்கு இத்தனை எதிர்ப்பு, காஸ் வந்தால் நல்லதுதானே என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வாரம் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குத் தருமபுரிப் பக்கம் போனபோது அவருடைய அண்ணன் தோட்டத்தைப் பார்த்தேன். ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, காய்ப்புக்கு வந்த தென்னை. மரங்களுக்கு நடுவே அளவுக்குச்சி அடித்துத் தலையில் சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தது. பெரியவர் அதில் ஆட்டைக் கட்டி வைத்திருந்தார்!

"நெலத்த எடுத்துக்கிட்டாலாவது வித்த கணக்குல சேரும். இது பட்டா என் பேர்ல, வரி நான் கட்டணும், ஒரு தென்னம்புள்ள வைக்கக் கூடாதாம்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. குழாய் பதிப்பதற்கான 1962ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நிலத்தை எடுப்பதில்லை, பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறது. குழாய்ப் பாதை 20 மீட்டர் அகலம். அதற்குள் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. அவர் தோட்டத்தில் எழுபது மீட்டர் நீளம் போகிறது. கணக்குப் போட்டுப் பார், கிட்டத்தட்ட 35 சென்ட். இதற்கு இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிருக்கும் மரத்துக்கும் தனி. கிருஷ்ணகிரியிலிருந்து கோவை வரை ஏழு மாவட்டத்திலும் இதே கதைதான்.

காஸே வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ரோட்டோரமாகக் கொண்டுபோ என்கிறார்கள், அவ்வளவுதான். 2013இல் மாநில அரசும் அதையேதான் சொன்னது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் வீடும் கடையும் நெருக்கம், பாதுகாப்புக்கு இடைஞ்சல் என்ற கெயில் தரப்பு வாதத்தை என்னால் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஆனால் ரோட்டில் ஆபத்து என்றால் தோட்டத்துச் சாளை வீட்டில் படுத்திருப்பவனுக்கு ஆபத்து இல்லையா? ஆந்திராவில் நகரம் என்ற ஊரில் 2014 ஜூன் மாதம் விடியற்காலையில் குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்களே, அதைத்தான் பெரியவர் வீட்டம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

கிளம்பும்போது இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். எந்த மரத்துக் காய் என்றேன். குச்சிக்குப் பக்கத்து மரத்தைக் காட்டினார் பெரியவர். அதற்குக் கீழேயே புதிதாக இரண்டு தென்னம்பிள்ளை நட்டுப் பாத்தி கட்டியிருந்தது. வீம்புதான். எதற்கு இது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தை மாதம் பேரனுக்குக் காது குத்து. வராமல் இருந்துவிடாதே.

உன் அன்பு நண்பன்