பாப்பாவுக்கு, இரண்டாவது ஜோடி பற்றி

சுங்கை சிப்புட்
நவம்பர் 22

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். அம்மாவுக்குச் சுகர் மட்டும் காலையில் 8 மில்லிமோலுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை. வாட்சப்பில் எழுதினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதி இந்தப் பொட்டலத்துக்குள் வைக்கிறேன்.

உள்ளே இருப்பது வீட்டுக்குள் போடுகிற சிலிப்பர். கம்பளியில் பின்னி, சுடுதண்ணீரில் சுருக்கி, தடிப்பாக்கியது. பின்னியது நான், அம்மா இல்லை. அவளுக்குத்தான் முதலில் ஆசை வந்தது. அபெர்டீனில் டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது என்று நீ சொன்னதிலிருந்து பிள்ளைக்குக் கால் குளிருமே, கால் குளிருமே என்று அவளுக்கு ஒரே புலம்பல். ஆனால் இரண்டு ஊசியைப் பிடித்துப் பின்ன அவள் விரல் மடங்குவதில்லை. அந்தக் கையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊசி இல்லாமல் சட்டத்தில் பின்னலாம் என்று யூடியூபில் பார்த்தோம். சட்டம் நான் செய்து கொடுத்தேன். அவள் நான்கு வரிசை பின்னிவிட்டு, வலிக்கிறது, நீங்களே செய்யுங்கள் என்று என் மடியில் வைத்துவிட்டாள்.

சட்டம் ஒன்றும் பெரிய வேலை இல்லை. இரண்டு பலகைத் துண்டு, நடுவில் இரண்டு விரல் போகிற சந்து, சுற்றிவர அரை அங்குலத்துக்கு ஒன்றாக 24 ஆணி. தலையில்லாத ஆணியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நூல் மாட்டிக்கொள்ளும். கொக்கிக்கு உன் பழைய சைக்கிளின் கம்பி ஒன்றை வளைத்து, நுனியை அரத்தால் தேய்த்தேன். அந்தச் சைக்கிள் இன்னும் பின்னால்தான் நிற்கிறது.

ஒவ்வொரு ஆணியிலும் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு வட்டம் முடிந்ததும் மறுபடி ஒரு வட்டம். இப்போது ஆணிக்கு இரண்டு வளையம் இருக்கும். கீழ் வளையத்தைக் கொக்கியால் தூக்கி, மேல் வளையத்தைத் தாண்டி உள்பக்கம் விட்டால் ஒரு கண்ணி. அவ்வளவுதான். ஆனால் இறுக்கிச் சுற்றக்கூடாது. இறுக்கினால் வளையம் ஆணியை விட்டு எழும்பாது, தூக்கித் தூக்கி விரல் நுனி சிவந்துவிடும். தளர்வாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கண்ணிகளுக்கு நடுவே இடம் இருந்தால்தான் சுடுதண்ணீரில் இழைகள் நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ரப்பர்த் தோட்டத்தில் கித்தா மரத்தின் பட்டையைச் சீவும்போது உளி மரத்தைத் தொடாமல் எவ்வளவு அழுத்துவது என்று கைக்குத் தெரியும் இல்லையா, இதிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வாரம் ஆனது எனக்கு அது பிடிபட.

குதிகால் பக்கம் முதலில் தட்டையாக, முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணிவரை போய்த் திரும்பித் திரும்பி வர வேண்டும். கால் நுழைகிற வாய் அது. பாதி நீளம் வந்ததும் இரண்டு கரையையும் சேர்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பின்னினால் குழாய் மாதிரி இறங்கும். விரல் நுனி வந்ததும் நூலை ஊசியில் கோத்து 24 கண்ணியிலும் ஓட்டி, சுருக்குப்பை மாதிரி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். கடைசியில் குதிகாலைத் தைக்க வேண்டும். உன் சிலிப்பரின் குதிகால் தையலைப் பார். இடது கால் தையல் கோணல், வலது கால் நேராக இருக்கும். வலதைத்தான் பிறகு தைத்தேன்.

நூல் விஷயத்தில்தான் இரண்டு தடவை ஏமாந்தேன். இங்கே கடையில் கம்பளி என்று கேட்டால் அக்ரிலிக் கொடுக்கிறார்கள். அதை ஒரு மணி நேரம் சுடுதண்ணீரில் கசக்கியும் போட்டது போட்டபடி இருந்தது. ஷாப்பி ஆன்லைன் கடையில் சுத்தக் கம்பளி என்று பார்த்து வாங்கினேன், அதுவும் சுருங்கவில்லை. லேபிளைப் பிறகுதான் படித்தேன், சூப்பர்வாஷ் என்று இருந்தது. ஆட்டுக் கம்பளியின் ஒவ்வொரு இழையிலும் மீன் செதில் மாதிரி மேலே செதில் இருக்குமாம். சூடு, சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு விடவே விடாது. சூப்பர்வாஷ் நூலில், மெஷினில் போட்டாலும் சுருங்கக்கூடாது என்று அந்தச் செதிலையே மழுக்கிவிடுகிறார்கள். மூன்றாவது தடவை சரியான நூல் கிடைத்தது. அம்மாதான் நிறம் சொன்னாள், நாவல்பழ நிறம், உன் பள்ளி நடனப் பாவாடை மாதிரி.

15 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டராக ஒரு சதுரம் பின்னிச் சுருக்கிப் பார்த்தேன். உயரம் 10 ஆனது, அகலம் 12. உயரத்தில்தான் அதிகம் சுருங்குகிறது. உன் கால் 24 என்று அனுப்பினாய், அதனால் 36 நீளம் பின்னினேன். பின்னி முடித்ததும் யானைக்குச் செய்தது மாதிரி தொங்கியது. அம்மா பயந்துவிட்டாள்.

நம் மெஷினில் பச்சைத்தண்ணீர்தான் வரும். அதனால் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றி, தலையணை உறைக்குள் சிலிப்பரைக் கட்டி, கூடவே என் பழைய ஜீன்ஸ் இரண்டைப் போட்டேன். அது மோதினால்தான் கம்பளி இறுகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை நான் பார்க்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, நீ அழைப்பதாகச் சொல்லியிருந்தாய், முன்னறையில் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். போய் எடுத்தபோது இரண்டும் என் உள்ளங்கையில் அடங்கின. ஒரு வயதுப் பிள்ளைக்குத்தான் போடலாம். சுருங்கியது சுருங்கியதுதான், இழுத்தால் திரும்பி வராது. நான் குப்பையில் போடப் போனேன். அம்மா வாங்கித் துடைத்து, துணி அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, அவளுக்கு அது ஓர் ஆசை, அவ்வளவுதான்.

இது இரண்டாவது தடவை, சரியாக வந்திருக்கிறது. பத்திரிகைத் தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே திணித்து, கால் வடிவத்தில் காய வைத்தேன். மழைக்காலம், மூன்று நாள் ஆனது.

ஒன்று முக்கியம். கம்பளி அடி மரத்தரையில் வழுக்கும். படிக்கட்டில் ரொம்ப வழுக்கும். மாப்பிள்ளைக்குச் செய்வதற்குக் கித்தாப்பால் பூசலாம் என்று இருக்கிறேன். இங்கே எல்லாம் செம்பனைத் தோட்டமும் தாமான் வீடுகளுமாகப் போய்விட்டது, ஆனால் என் கூட்டாளி ஒருவர் கம்போங் கிராமத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் கித்தா மரம் சீவிப் பால் எடுக்கிறார். கட்டியாகாமல் இருக்க அமோனியா சில துளி விட்டு ஒரு போத்தல் தந்தார். மூடியைத் திறந்ததும் தோட்டத்தில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற அந்த விடியற்காலை முழுக்க மூக்கில் வந்தது. பழைய துணியில் பூசிப் பார்த்தேன், வெள்ளையாகப் பூசியது காயக் காயத் தேன் நிறமாகி நன்றாகப் பிடிக்கிறது. கோலகங்சாரில் 1877-ல் நட்டதில் மிஞ்சிய அந்த ஒற்றை மரத்தடியில் நின்று, இந்த மரத்துக்காகவா தாத்தா கப்பலில் வந்தார் என்று நீ கேட்டாயே, அது ஞாபகம் வந்தது. அந்த மரத்தின் பேத்தி பால்தான் இது. ஆனால் உனக்குப் பூசவில்லை. ரப்பர் கையுறை போட்டால் கை தடித்து அரிக்கிறது, ஆஸ்பத்திரியில் வேறு கையுறை மாற்றிக்கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தாய். அதனால் உனக்கு அம்மாவின் பழைய தோல்பையை வெட்டி, சொரசொரப்புப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அடியில் தைத்திருக்கிறேன். அப்படியும் படிக்கட்டில் போட்டுக்கொண்டு இறங்காதே.

புது வீட்டில் தரை என்ன, மரமா கார்ப்பெட்டா? படிக்கட்டு உள்ளே இருக்கிறதா? போன மாதம் நீ அனுப்பிய முகவரியில் வீட்டு எண்ணும் தெருவும் இருந்தன, மேலே உன் பெயர் மட்டும் இருந்தது. வீடு மாறுவதாக நீ முன்னால் சொல்லவில்லை. பொட்டலத்தில் அதே மாதிரிதான் எழுதியிருக்கிறேன், உன் பெயர் மட்டும்.

மாப்பிள்ளை கால் அளவைச் செப்டம்பரில் கேட்டேன். தீபாவளி அன்று கேட்டேன். அப்புறமும் ஒரு தடவை கேட்டேன். உன் அளவுதான் வந்தது.

இந்தத் தோட்ட லயத்துப் பிள்ளைகளில் கடல் தாண்டி நர்ஸ் வேலைக்குப் போனது நீ ஒருத்திதான். கோப்பிக்கடையில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் நான் தண்ணீரை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வேன். இரண்டு வரி எழுத நேரமில்லாத வேலை எது என்று சில நாள் கோபமும் வரும். ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை பாப்பா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் ஆணியையும் நூலையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள் ராத்திரி. ஈப்போ குனோங் சீரோ கோயிலில் பால்குடம் எடுத்த களைப்பில் அம்மா அசந்து தூங்கினாள். இரண்டு மணிக்குப் போன் அடித்தது. உனக்கு அங்கே மாலை ஆறு. அப்பா, நான் கொஞ்ச நாள் வீட்டுக்கு வரட்டுமா என்றாய். உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரியாத மாதிரி பேசினேன். லீவு போட்டால் வேலை என்ன ஆகும் என்றேன். டிக்கெட் விலையைச் சொன்னேன். எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், நீதான் அனுசரித்துப் போக வேண்டும் என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதே சரிப்பாதான் வருகிறது.

காலையில் அம்மா யார் போன் என்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். பத்து மாதமாக அவளிடம் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது கல்யாண மண்டபம், வந்த ஆட்கள், இன்னும் கட்டி முடியாத கடன். நீ அழுததுகூட இல்லை, அதுதான் ஓடியது. அத்தை அன்றைக்குத் திரும்பி வந்தபோது தாத்தா வாசலிலேயே நிறுத்தினார். அவள் பெட்டியை மறுபடி லாரியில் ஏற்றியது நான்தான், பதினேழு வயது எனக்கு. அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். தாத்தா செய்தது தப்பு என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதே வேலையை நான் போனில் செய்தேன். பெட்டியைத் தூக்குகிற சிரமம்கூட இல்லாமல் செய்தேன்.

அம்மாவிடம் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. காலையில் உன் அறையில் அடுக்கியிருந்த நூலையும் சட்டத்தையும் முன்னறைக்கு மாற்றிவிட்டு, மெத்தையை வெயிலில் போட்டாள்.

உனக்கு அனுப்புவது போக இரண்டாவது ஜோடி ஒன்றைப் பெரிதாகப் பின்னி வைத்திருக்கிறேன், கரும்பச்சை. இன்னும் சுடுதண்ணீரில் போடவில்லை. யார் காலுக்கு என்று தெரியாமல் போட முடியாது. மாப்பிள்ளை அளவு வந்தால் அவருக்கு. அனுப்பத் தேவையில்லை என்றால் அதை ஒரு வரியில் எழுது, ஏன் என்று நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். உன்கூட வேலை செய்கிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றாலும் சரி.

போனை இப்போது தலைமாட்டில் சத்தத்தோடு வைத்துத்தான் படுக்கிறேன். அன்றைக்குக் கேட்டதை இன்னொரு தடவை கேள். டிக்கெட்டுக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டேன், கடன் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

சிலிப்பரைச் சுடுதண்ணீரில் துவைக்காதே, இன்னும் சுருங்கிவிடும். பச்சைத்தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடு. படிக்கட்டில் போடாதே. இங்கே வருவதாக இருந்தால் அதை எடுத்து வர வேண்டாம், நம் வீட்டில் கால் வேர்க்கும்.

அப்பா