கமலாவுக்கு, நாடா வைப்பது குறித்து

அன்புள்ள கமலா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீடே மகிழ்ந்தது. இருமினால் சிறுநீர் கசிகிறது, மருத்துவர் 'டேப்' வைக்கும் அறுவைச் சிகிச்சை சொல்கிறார், செய்துகொள்ளலாமா என்று நீ கடைசிப் பத்தியில் தயங்கித் தயங்கி எழுதியிருந்த விஷயத்துக்கே முதலில் வருகிறேன்.

இருமல் வந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பதும், கல்யாண வீட்டில் கழிவறைக்குப் பக்கத்தில் நாற்காலி தேடுவதும் நம் வயதில் பலருக்கு உண்டு. வெளியே சொல்வதுதான் இல்லை. பிரசவங்களாலும் வயதாலும் சிறுநீர்க் குழாயைத் தாங்கும் தசைகளும் திசுக்களும் தளர்ந்துபோவதால், வயிற்றில் அழுத்தம் ஏறும்போது குழாயால் இறுக்கமாக மூடிக்கொள்ள முடிவதில்லை. அவசரம் வந்து, கழிவறைக்குப் போய்ச் சேருமுன் கசிவது வேறு நோய். அதற்கு மாத்திரை உண்டு, இந்த அறுவைச் சிகிச்சை அதைத் தீர்க்காது. ஆகவே சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது உன்னை இருமச் சொல்லிப் பார்த்தார்களா என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

உன் மருத்துவர் சொன்ன 'டேப்', 1990களில் சுவீடனில் உல்ஃப் உல்ம்ஸ்டன் அறிமுகப்படுத்திய முறையாக இருக்கலாம். பிறப்புறுப்பின் முன்சுவரில் சிறியதாகக் கீறி, ஒரு சென்டிமீட்டர் அளவே அகலமுள்ள பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை நாடாவைச் சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் தூளிபோல், இழுத்துக் கட்டாமல் தளர்வாக வைக்கிறார்கள். நாடாவின் முனைகளை முன் இடுப்பெலும்புக்குப் பின்னால் மேலே கொண்டுபோகலாம். தொடை இடுக்கு வழியாகவும் எடுக்கலாம். முன்னதில் சிறுநீர்ப்பையில் ஊசி பட்டுவிடும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொள்வார்கள். பின்னதில் தொடை வலி அதிகம், பிரச்சினை வந்தால் முழு நாடாவையும் எடுப்பதும் கடினம்.

பெரும்பாலானோருக்கு இது நல்ல பலன் தருகிறது. ஆனால் நாடா திசுவை அரித்து வெளியே தெரிவதும், தீராத வலியும் சிலருக்கு நேர்ந்ததால், இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இதை நிறுத்திவைத்தார்கள். அமெரிக்கா 2019இல் விற்பனையைத் தடுத்தது சிறுநீர்ப்பை போன்ற இடுப்பு உறுப்புகளின் இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையைத்தான், இந்த நாடாவை அல்ல. செய்திகளில் இரண்டையும் குழப்பி எழுதியதால் உன்னைப் போன்றவர்கள் தேவைக்கு மேல் பயந்துபோனார்கள்.

வலையே வேண்டாமென்றால், உன் அடிவயிற்றுத் தசையின் மேலுறையிலிருந்தே ஒரு பட்டையை வெட்டியெடுத்துத் தாங்கலாக வைக்கலாம். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றைத் திறந்து தையலிட்டுத் தூக்கிக் கட்டும் பர்ச் முறையைவிட இது கசிவை நன்றாகத் தடுத்தது. ஆனால் சிறுநீர்த் தொற்றும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படுவதும் இதில்தான் அதிகம். வயிற்றில் வெட்டுக்காயமும் இருக்கும்.

என்னைக் கேட்டால், இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் சரியாகக் கற்று மூன்று மாதமாவது செய்து பார்க்காமல் எந்த அறுவைக்கும் நீ சம்மதிக்கக் கூடாது. அதன் பிறகும் கசிந்தால் தயங்காதே. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முன், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல். சில வாரங்களுக்குத் தண்ணீர்க் குடத்தைத் தொடாதே, பேத்தியைத் தூக்குவதையும் மருமகளிடம் விட்டுவிடு.

அந்த மருத்துவர் எந்த வழியாக நாடா வைக்கப்போகிறார், ஒருவேளை எடுக்க நேர்ந்தால் அதையும் அவரே செய்வாரா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சாரதா