மாடல் மாறினாலும் பேட்டர்ன் மாறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபேஷன் துறையின் ஒல்லி மோகம் பற்றிய விவாதம் மேடையையும் விளம்பரப் படத்தையுமே சுற்றி வருகிறது. பருமனான நான்கு பேரை மேடையில் நடக்கவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்கிறார்கள். துணியை வெட்டுவதற்கான மாதிரித் தாளை, அதாவது பேட்டர்னை, வரையும் எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

எந்த ஆடையும் முதலில் ஒரே அளவில்தான் தைக்கப்படும். அந்த சாம்பிள் பெரும்பாலும் சிறிய அளவு. அதைப் போட்டுப் பார்க்கும் ஃபிட் மாடலும் அதே அளவுக்காரர். அவருக்குப் பொருந்தியதும் மற்ற அளவுகளைக் கணக்குப் போட்டே பெரிதாக்கிவிடுகிறார்கள். கிரேடிங் என்பது இதுதான். அளவுக்கு அளவு மார்பு, இடுப்பு, சீட் (பின்புறச் சுற்றளவு) மூன்றிலும் 4 செ.மீ. கூட்டுவது பரவலான வழக்கம். இரண்டு மூன்று அளவுவரை பெரிய பிழை வராது. அதற்கு மேல் ஆடை கெடுகிறது. தோளை ஒரு பக்கத்துக்கு அரை செ.மீ. வீதம் கூட்டிக்கொண்டே போனால் ஆறாவது அளவில் 3 செ.மீ. ஏறிவிடும், உடம்பு பருத்தாலும் தோள் எலும்பு அப்படி நீள்வதில்லை. தோள் தையல் கைக்கு இறங்கும், கழுத்து அகன்று நழுவும், அதே சட்டை மேல்கையில் இறுக்கிப் பிடிக்கும். மார்பு பெரிதானவருக்குக் கூடுதல் துணி முன்பக்கத்தில்தான் வேண்டும். கணக்கோ முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடுகிறது. முதுகில் துணி தொங்கும், முன்னால் பொத்தான்களுக்கு இடையே வாய் பிளக்கும், முன்விளிம்பு மேலேறும். கண்ணாடி முன் நிற்பவர் தன் உடம்பைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்.

இதற்கு மாற்று, பெரிய அளவுகளுக்குத் தனி அடிப்படைப் பேட்டர்னும் அந்த உடல்வாகுள்ள ஃபிட் மாடலும்தான். உடம்பின் வளைவுக்கேற்பத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட்டை ஆழமாக்கி முன்பக்க நீளத்தைக் கூட்ட வேண்டும். உட்காரும்போது சீட் அளவு பல சென்டிமீட்டர் விரியும் என்பதால் உட்காரவைத்தும் பார்க்க வேண்டும். சட்டைக்கை இணையும் கைக்குழியை ஆழமாக வெட்டினால் தாராளமாக இருக்கும் என்று நினைப்பது தவறு. கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே எழும்பும். அகலம் கூட வேண்டியது மேல்கையில். இதையெல்லாம் செய்யாததற்கு நிறுவனங்கள் துணிச் செலவைக் காரணம் காட்டுகின்றன. அது எடுபடாது. சிறிய அளவுக்கும் பெரிய அளவுக்கும் துணிச் செலவைச் சராசரியாக்கி ஒரே விலை வைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். இரண்டாவது சாம்பிளுக்கும் இரண்டாவது சுற்றுச் சரிபார்ப்புக்கும் ஆகும் நேரத்தைத் தர மனமில்லை, அவ்வளவுதான்.

அளவுப் பட்டியலின் பூர்வீகமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து 1941-இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளையினப் பெண்களின் அளவுகளே கணக்கில் சேர்ந்தன. 1958-இல் வந்த அமெரிக்க அளவுத் தரம் அதன் வழிவந்தது. 1983-இல் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்று அவரவர் எண் அவரவர்க்கு. ஒரு கடையின் 12 இன்னொரு கடையில் 16. ஐரோப்பாவின் ஈஎன் 13402 தரம் உடல் அளவை சென்டிமீட்டரிலேயே அட்டையில் காட்டச் சொல்கிறது. கட்டாயமில்லாததால் பலர் அதைச் சீந்துவதில்லை.

படங்களுக்கு வருவோம். உடலை மெலியவோ பருக்கவோ வைத்து மென்பொருளில் திருத்திய விளம்பரப் படம் என்றால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது பிரான்சில் 2017 அக்டோபர் முதல் சட்டம். மீறினால் அபராதம் 37,500 யூரோ, அது விளம்பரச் செலவில் 30 சதவீதம் வரை உயரவும் கூடும். நல்லதுதான். ஆனால் படப்பிடிப்பில் தொளதொளவென்ற ஆடையை முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பது அன்றாடம் நடக்கிறது. அதற்கு மென்பொருளே தேவையில்லை. சட்டம் அதைத் தொடாது.

தங்கள் ஃபேஷன் பக்கத்தில் ஆடைகளை அறிமுகப்படுத்தும்போது, எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை கிடைக்கும், பெரிய அளவை யாருக்காவது போட்டுச் சரிபார்த்தார்களா அல்லது கணக்கோடு விட்டார்களா என்று நிறுவனத்திடம் கேட்டு அச்சிட வேண்டுகிறோம். பதில் தராதவர்களின் பெயருக்கு எதிரே அந்த இடத்தை வெற்றாக விட்டால் போதும்.

இப்படிக்கு,
பேட்டர்ன் தயாரிப்பாளர்கள் சிலர்