கரி அடிக்கும் பம்பு இஞ்சின்

அன்புள்ள அம்மிணிக்கு,

மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய பம்பு ஊட்டிக்குப் போனதும் கரும்புகை தள்ளுகிறது, பாரம் ஏறினால் திணறுகிறது என்றாய். நீ அனுப்பிய படத்தில் பிளக் முனையில் உலர்ந்த கரிதான் இருக்கிறது, எண்ணெய்ப் பசை இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் புகை நீலமாக வரும், பிளக்கும் பிசுபிசுக்கும். ஆகவே இஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் யாருக்கும் சம்மதிக்காதே. பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அவ்வளவுதான்.

அதை உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் டேப்பை அடைத்துவிடு. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்ப்பரேட்டரின் கிண்ணத்தில் மிச்சமிருப்பதைக் குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடும். அணைவதற்குச் சற்று முன் சத்தம் சீராகி, வேகம் பிடித்தால் மிக்சர் ரிச், அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். மாறாக, சோக்கை, அதாவது காற்று வரும் வழியை மறிக்கும் தகட்டைக் கொஞ்சம் மூடினால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் அது லீன், பெட்ரோல் குறைவு; வைத்தியம் நேரெதிர்.

முதலில் சோக்கைப் பார். அங்கே காலைக் குளிரில் சோக் இல்லாமல் கிளம்பாது, ஆனால் சூடானதும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். லீவர் திறந்த பக்கம் நின்றாலும் உள்ளே தகடு பாதியில் நிற்கலாம். ஃபில்டரைக் கழற்றிக் கண்ணாலேயே பார்த்துவிடு. ஃபில்டரின் வெளி ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, இஞ்சின் ஆயிலில் நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்துவிடு. ஆயில் அதிகம் தங்கினால் அதுவே காற்றை மறிக்கும். உள்ளே இருக்கும் காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது. தட்டிப் பார், கறுத்திருந்தால் புதிது போடு.

இவை சரியாக இருந்தும் புகை வந்தால், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டைப் பார்க்கணும். டேப்பைத் திறந்து இஞ்சினை ஓட்டாமல் விட்டால் கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் கசிகிறதா? கசிந்தால், பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு அடைக்கவில்லை, அல்லது ஃப்ளோட் ஓட்டை. டேப்பை அடைத்து, கீழே 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையில் வரும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கு. உள்ளே பெட்ரோல் சலசலத்தால் மாற்றிவிடு. நீடிலின் ரப்பர் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடு.

கசிவு எதுவும் இல்லையென்றால் காரணம் மலைதான். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆனால் ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகில் வரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கணக்குப் போட்டால் மிக்சரில் பத்துச் சதவீதம் போலப் பெட்ரோல் கூடிவிடும். உன்னுடைய ஹோண்டா ஜிஎக்ஸ்160 இஞ்சினுக்கு 1,500 மீட்டருக்கு மேல் நிரந்தரமாக ஓட்டுவதானால் ஹோண்டா கம்பெனியே மலைப்பகுதிக்கான சிறிய மெயின் ஜெட்டைப் போடச் சொல்கிறது. ஜெட்டின் மீது எண் பொறித்திருக்கும். 72 என்றிருந்தால் 68 பக்கம் கேட்டு வாங்கு. ஜெட்டின் தலையில் உள்ள பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் மட்டும் கழற்று. பித்தளை, சீக்கிரம் மழுங்கிவிடும். ஜெட்டுக்கு மேலே உள்ள சின்னக் குழாயும் வரும், அதன் பக்கத் துளைகள் அடைத்திருந்தாலும் பெட்ரோல் அதிகமாகும். கார்ப்பரேட்டர் க்ளீனர் அடித்துக் காற்றால் ஊது. துளைக்குள் கம்பியோ ஊசியோ நுழைக்காதே, வேறு யாரையும் நுழைக்க விடாதே. ஒரு முறை துளை பெரிதானால் அந்த ஜெட் அவ்வளவுதான், புகை இன்னும் கூடும்.

பைலட் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். அது ஐடிலுக்குத்தான், பாரமில்லாமல் மெதுவாக ஓடும்போது மட்டும். உன் தொல்லை பாரத்தில் வருகிறது.

ஜெட் மாற்றிய கையோடு புதுப் பிளக் போடு: பிபிஆர்6இஎஸ், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. சில மணி நேரம் ஓட்டிய பிறகு முனை இளம் பழுப்பாக வரணும். ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்துபார். பெட்ரோல் வாடை அடித்தாலோ அளவு ஏறியிருந்தாலோ எரியாத பெட்ரோல் கீழே இறங்கியிருக்கிறது. 10டபிள்யூ-30 ஆயில் 0.6 லிட்டர் பிடிக்கும், உடனே மாற்று. அதை வைத்து ஓட்டினால் பேரிங் போய்விடும்.

ஒன்றை மட்டும் தட்டாதே, கண்ணு. இப்படி ஓடும் இஞ்சின் கார்பன் மோனாக்சைடை ஏராளமாகக் கக்கும். வாசனையில்லாத விஷம் அது. குளிருக்காகவோ மழைக்காகவோ ஷெட்டுக்குள் வைத்து ஓட்டவே ஓட்டாதே.

ஜெட் மாற்றியும் பழைய சக்தி முழுசாகத் திரும்பாது. 300 மீட்டருக்கு 3.5 சதவீதம் வீதம் குறையும், அந்த உயரத்தில் அது நியாயமான இழப்பு. தண்ணீரை உறிஞ்சும் ஆழமும் இரண்டு மீட்டருக்கு மேல் குறைகிறது. அதனால் பம்பை ஓடைக்கு இன்னும் நெருக்கி, தாழ்வான இடத்தில் வை.

கழற்றிய பழைய ஜெட்டை ஒரு டப்பியில் போட்டு வை. பொங்கலுக்குப் பம்பைக் கீழே கொண்டுவரும்போது அதைத் திரும்பப் போட்ட பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும். சின்ன ஜெட்டோடு சமவெளியில் ஓட்டினால் மிக்சர் லீனாகி, சூடேறி, பிஸ்டன் பிடித்துவிடும்.

அன்புடன்,
அப்பா