967 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நாய்ப் படம் போடுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தாருக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறாள். ஆறு வயது, பதினாலு கிலோ எடை. சில மாதங்களுக்கு முன்னால் அவள் பிழைப்பாளா என்றே தெரியாமல் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தோம். அவள் தின்றது எலிமருந்தும் இல்லை, கெட்டுப்போன கறியும் இல்லை. சர்க்கரை சேர்க்காத சூயிங்கம். அந்த டப்பாவில் என்ன அச்சடித்திருந்தது, என்ன அச்சடிக்கவில்லை என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை நோய். புகையிலையை விட்ட பிறகு வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று இந்தச் சூயிங்கத்தை வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூடி சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. செவலை டப்பாவைத் தட்டிவிட்டு ஐந்தாறு வில்லையாவது தின்றிருப்பாள்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். பின்னங்கால் இரண்டும் மடங்கின. எழுந்து நிற்கப் பார்த்துப் பார்த்து ஒரு பக்கமாகவே சாய்ந்தாள். அப்புறம் வாந்தி. கிட்டே போனால் புதினா வாசனை, நடுவில் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். உடம்பெல்லாம் நடுக்கம். பாம்பு தீண்டிவிட்டதோ என்று நான் தோட்டத்துப் பக்கம் ஓடினேன். அப்பா மட்டும் அவள் தலையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்குச் சுகர் இறங்கும்போது வர்ற நடுக்கம் மாதிரியே இருக்கு தாயி" என்றார். சீனியைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வரச் சொல்லி, அவள் ஈறில் விரலால் தடவிக்கொண்டே ஆட்டோவில் வந்தார்.

கால்நடை மருத்துவர் காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அப்பா வீட்டில் வைத்திருக்கிறாரே, அதே மாதிரி மெஷின்தான். 38 என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது என்றார். உடனே குளுக்கோஸ் ஏற்றினார். "என்ன தின்னுச்சு?" என்று கேட்டதும் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். "இதுல சைலிட்டால் இருக்கான்னு பாருங்க" என்றார். அவர் பார்த்தார், நான் பார்த்தேன், அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பளபளக்கும் காகிதத்தில் கடுகளவு ஆங்கில எழுத்து. சைலிட்டால் என்ற வார்த்தையே கண்ணில் படவில்லை. "அப்ப அது இல்ல போலயே" என்று அவர் வேறு விஷங்களை யோசிக்க ஆரம்பித்தார். அங்கே வேலை பார்க்கும் பையன்தான், "இனிப்பூட்டிகள்" என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் போனில் தட்டிப் பார்த்தான். 967 வந்ததும் நிமிர்ந்தான். சைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் எண் அதுதான். இருபது நிமிஷம் போயிருந்தது.

மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் அந்த டப்பாவில் எண்ணாக இருந்தது, பெயராக இல்லை. உங்கள் விதிகள்படி உணவில் சேர்க்கும் பொருளின் பெயரைப் போடலாம், அல்லது அதன் சர்வதேச எண்ணை மட்டும் போட்டாலும் போதும். ஆகவே அச்சடித்தவர்கள் விதியை மீறவில்லை. அதனால்தான் கம்பெனிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சைலிட்டால் மனுஷர்களுக்கு நல்ல பொருள்தான், அதை மறுக்க வரவில்லை. சர்க்கரை மாதிரியே இனிக்கும், பல்லைச் சொத்தையாக்காது, ரத்தத்தில் சர்க்கரையைப் பெரிதாக ஏற்றாது, நம் கணையமும் அதைக் கண்டு இன்சுலினைக் கொட்டாது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது பிடித்துப்போனதே இதனால்தான். நாயின் உடம்பில் எல்லாம் தலைகீழ். அதன் கணையம் சைலிட்டாலைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொள்கிறது. அதே அளவு குளுக்கோஸுக்குச் சுரப்பதைவிடப் பல மடங்கு இன்சுலின் சுரக்கிறது. உள்ளே வந்தது உண்மையான சர்க்கரை இல்லை என்பதால், ரத்தத்தில் ஏற்கெனவே இருந்த சர்க்கரையும் வடிந்துபோகிறது. நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் சைலிட்டால் போனாலே இது நடக்கலாம். 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலே செத்துப்போகும் ஆபத்து உண்டு. சில சூயிங்கங்களில் ஒரு வில்லையிலேயே ஒரு கிராம் வரை இருக்கும். அந்த வகையாக இருந்தால் பதினாலு கிலோ செவலைக்கு இரண்டு வில்லை போதும், சர்க்கரை இறங்கிவிடும். தெருவில் பார்க்கும் பொமரேனியனுக்கு ஒன்றே அதிகம். மற்ற விஷங்களுக்குக் கொடுக்கும் கரித்தூளும் இதைச் சரியாகப் பிடித்து நிறுத்துவதில்லை. நேரத்தோடு கவனிப்பதுதான் மருந்து. அந்த நேரத்தில் இருபது நிமிஷம் எங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதில் போனது.

நாய்க்கு ஆகாதது நம் அடுக்களையில் வேறு எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. செவலை வந்த பிறகு கற்றுக்கொண்டேன். வெங்காயமும் பூண்டும், பச்சையாக இருந்தாலும் வேகவைத்திருந்தாலும், நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரே வேளையில் கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் ரத்தச்சோகை வரும். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொள்ளும். "எங்க காலத்து நாயெல்லாம் சாம்பார் சோறுதான் தின்னுச்சு" என்று என் அத்தை இன்றைக்கும் சொல்வார். வெங்காயம் வேலையைக் காட்டுவது தின்று சில நாள் கழித்து. அந்த நாய் சோர்ந்து படுத்தபோது போன வாரத்துச் சாம்பாரை யார் நினைத்திருப்பார்கள்? சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை வெளியேற்ற நாயின் உடம்பு திணறும். பாதி அளவு குறையவே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பால் சாக்லேட்டைவிடக் கறுப்புச் சாக்லேட் மோசம், கோக்கோ பொடி எல்லாவற்றையும்விட மோசம்.

திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு நாய் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று அதே அளவுக்குச் செத்துப்போகும். காரணம் ரொம்ப நாளாகப் பிடிபடாமல் இருந்தது. 2021-இல்தான் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் அவர்களே, புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதைப் பதிவு செய்தார்கள். அந்த அமிலம் புளியில் ஏராளம். இதைப் படித்த அன்றே எங்கள் வீட்டுப் புளிப்பானை மேல் அலமாரிக்கு ஏறிவிட்டது. பாயசத்தில் போடும் முந்திரி திராட்சையைச் செவலையின் தட்டுக்கு ஒதுக்குவதும் அன்றோடு நின்றது.

ஆனால் இவை எதற்கும் நான் உங்களிடம் வரவில்லை. வெங்காயத்துக்கு அட்டை ஒட்ட முடியாது. புளியைப் பார்த்தால் புளி என்று தெரியும், சாக்லேட் என்றால் அட்டையிலேயே சாக்லேட் என்று பெரிதாக இருக்கும். பெயர் தெரிந்தால் எங்கள் பொறுப்பை நாங்கள் பார்த்துக்கொள்வோம். சைலிட்டால் அப்படி இல்லை. அது சூயிங்கத்துக்குள் இருக்கிறது, புதினா மிட்டாய்க்குள் இருக்கிறது, சர்க்கரையில்லாப் பேக்கரிப் பண்டங்களில், சில வேர்க்கடலை வெண்ணெயில், பொடியாகத் தனியாகவும் விற்கிறது. வேர்க்கடலை வெண்ணெயைச் சொல்லும்போது பயமாகவே இருக்கிறது. நாய்க்கு மாத்திரை கொடுக்க அதில் பொதிந்து கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். அதே மாதிரிப் பண்டங்களில் சேர்க்கும் மற்ற இனிப்பூட்டிகளான சார்பிட்டாலோ மால்டிட்டாலோ ஸ்டீவியாவோ நாய்க்கு இந்த மாதிரி விஷம் இல்லை. ஆகவே "சர்க்கரை சேர்க்காதது" என்ற பெரிய எழுத்தை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. மால்டிட்டாலின் 965-க்கும் சைலிட்டாலின் 967-க்கும் இருக்கும் வித்தியாசத்தை யார் மனப்பாடம் செய்வது?

2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். கடையில் சர்க்கரையில்லாப் பண்டங்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகின்றன. நாய் வளர்க்கும் வீடுகளும் அப்படியே. இரண்டும் ஒரே வீட்டில் சந்திப்பது இனி சாதாரணம். எங்கள் வீட்டில் சந்தித்தது போல.

எச்சரிக்கை வாசகம் உங்களுக்குப் புதிது இல்லை. அஸ்பர்டேம் என்ற இனிப்பூட்டியைச் சேர்த்தால், ஃபீனைல்கீட்டோன்யூரியா உள்ளவர்களுக்கு ஆகாது என்று போடச் சொல்கிறீர்கள். அது மிக அரிய பிறவிக் கோளாறு. அந்தச் சிலருக்காக ஒரு வரி இருப்பது எவ்வளவு நல்ல விஷயம்! சைலிட்டால் மாதிரிப் பாலியால் வகை இனிப்பூட்டிகள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேதி ஆகலாம் என்றும் போடச் சொல்கிறீர்கள். அதாவது, இதே டப்பாவில் எங்கள் வயிறு கலங்குவதற்கு ஒரு வரிக்கு இடம் கிடைத்திருக்கிறது. செவலையின் உயிருக்கு இன்னொரு வரி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மிருகங்கள் உங்கள் வரம்பில் வராது, 2006-ஆம் வருஷச் சட்டம் மனுஷர் உண்ணும் உணவுக்கானது என்று சொல்வீர்கள் என்று தெரியும். அட்டையைப் படிப்பது மனுஷர்தானே? வாங்குகிறவருக்கு உண்மையைச் சொல்வதுதானே அட்டையின் வேலை? விளக்கேற்றும் நெய் போல மனுஷர் சாப்பிடக் கூடாத பொருளுக்குக் கறுப்பில் பெருக்கல் குறி போடச் சொன்னவர்கள் நீங்கள். மனுஷர் மட்டுமே சாப்பிட வேண்டியதற்கும் ஒரு குறி போடச் சொல்லலாம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியல் சாசனம் 51ஏ(ஜி)-இல் சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்ய எங்களுக்கு அந்தப் பொருளின் பெயர் தெரிந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் சைலிட்டால் உணவுகளில் நாய் எச்சரிக்கை கட்டாயம் என்று 2021-இல் ஒரு மசோதா வந்தது. அவர்களுடைய அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிவதற்குள் சட்டமாகவில்லை. அவர்கள் செய்த பிறகு நாம் செய்வோம் என்று காத்திருக்க வேண்டாமே.

நான் கேட்பது இரண்டு. சைலிட்டால் சேர்ந்த எந்த உணவிலும் எண்ணோடு சேர்த்துப் பெயரையும் கட்டாயமாக எழுதச் சொல்லுங்கள். கூடவே, நாயின் உருவத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்த சின்னம் ஒன்றைப் பச்சைப் புள்ளி இருக்கும் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். படமாகவே வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அட்டையில் கட்டாயம் இருக்க வேண்டியது ஆங்கிலமோ இந்தியோதான், எங்கள் அப்பாவுக்கு இரண்டும் வராது. பச்சைப் புள்ளியைப் பார்த்தால் சைவம் என்று அவருக்குத் தெரியும். நாய்ப் படமும் புரியும்.

பற்பசையும் மருந்தும் உங்கள் கையில் இல்லை, வேறு துறை. ஆனாலும் அவர்களுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் என் கடிதத்தைவிட மதிப்பு இருக்கும்.

செவலைக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. மூன்றாம் நாள் கல்லீரல் பரிசோதனை சரியாக வந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள். அப்பா சூயிங்கத்தை விடவில்லை, டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறார். மூடிமேல் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டி, "நாய்க்கு விஷம்" என்று பேனாவால் எழுதியிருக்கிறார். புது டப்பா வாங்கும்போதெல்லாம் மறுபடி எழுதுகிறார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மகளும் அப்பாவும்