வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: மேசை ஆடுவது பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் ரீலோடிங் மேசையின் மேல், அதாவது சுட்டுத் தீர்ந்த தோட்டா உறையில் மறுபடி வெடிமருந்து போட்டுக் குண்டு பொருத்தும் மேசையின் மேல், ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் உறையை அழுத்தும் பிரஸ், கைப்பிடியை இழுக்க இழுக்கத் தண்ணீர் அலம்புகிறது, அருகிலுள்ள மின்தராசில் எண் ஏறி இறங்குகிறது. இந்தக் காணொளி உங்களில் பலருக்கு வந்திருக்கும். "மேசை ஆடுகிறது, அதனால்தான் மருந்து எடை கூடக்குறைய விழுகிறது" என்று அடியில் எழுதியிருக்கிறார்கள். பார்த்த பிறகும் எங்களிடமே கூப்பிட்டு விவரம் கேட்டவர்களுக்கு முதலில் நன்றி. கேட்காதவர்களுக்கும் சேர்த்து விளக்கம் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

முதலில் பிரஸ் மேசையை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ரைஃபிள் தோட்டா உறையை டையில் (உறைக்கு வடிவம் தரும் அச்சு) முழு அளவுக்கு அழுத்தும்போது உள்ளே பெரிய விசை பிறக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த விசை டைக்கும் ராமுக்கும் (உறையை டைக்குள் தள்ளும் தண்டு) நடுவில் பிரஸ்ஸின் வார்ப்புச் சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மேசைக்கு வந்து சேருவது உங்கள் கை கொடுக்கும் விசை மட்டும். அதிலும் சங்கடம் அதன் அளவில் இல்லை, அது விழும் இடத்தில் இருக்கிறது. கைப்பிடியின் குமிழ் கீழே வரும்போது முன்காலுக்கு ஏறத்தாழ 40 செ.மீ. வெளியே நிற்கும். அங்கே 25 கிலோ அழுத்தினால் மேசையை முன்பக்கம் கவிழ்க்கும் திருப்பம் 10 கிலோ-மீட்டர். மேசை 40 கிலோ, ஆழம் 60 செ.மீ., எடை நடுவில் என்றால் அதைத் தாங்கி நிறுத்தும் திருப்பம் 12. மிச்சம் இரண்டே இரண்டு. எண்ணெய் சரியாகப் பூசாத உறை ஒன்று இறுக, நாம் உடம்புப் பாரத்தையும் சேர்த்துச் சாய்ந்தால் பின்கால் தரையை விட்டு எழும்பும். இதற்குப் பலகையைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவரில் பிணைக்காத, பாரமும் ஏற்றாத இந்த எடையுள்ள எந்த மேசையும் இதைத்தான் செய்யும்.

கைப்பிடியை மேலே தூக்கும்போது நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உறையின் கழுத்து வழியாக, அதை விரித்துவிடும் டையின் விரிவுக் குமிழ் இறுக்கமாக வெளியே வரும் நேரத்தில் நாம் மேசையின் முன்விளிம்பையே மேலே தூக்குகிறோம். கீழே ஓர் அழுத்தம், மேலே ஓர் இழுப்பு, ஒவ்வொரு உறைக்கும் இப்படி மாறி மாறி. மரத் திருகாணி தளர்வது இதனால்தான். காணொளியில் பிரஸ்ஸின் அடித்தட்டைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பலகைக்குள் ஊடுருவும் போல்ட் அங்கே இல்லை, திருகாணிதான் இருக்கிறது. கீழ்த்தட்டும் காலி. பின்பக்கம் கீழ்த்தட்டில் ஈயக் குண்டுப் பெட்டிகளாக 50 கிலோ வைக்கச் சொல்லிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். ஈயத்துக்கு இதைவிட நல்ல இடம் அந்த அறையில் கிடையாது.

பலகை பற்றியும் ஒரு வார்த்தை. 18 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டைப் பசை போட்டு ஒட்டி, அதோடு திருகி, 36 மி.மீ. ஆக்கித் தருகிறோம். வளையாத தன்மை தடிமனின் மும்மடிப் பெருக்கில் கூடும். பசையோடு ஒன்றாகிவிட்ட இரட்டைப் பலகை ஒற்றையைவிட எட்டு மடங்கு விறைப்பு. பசையில்லாமல் சும்மா அடுக்கினால் இரண்டு மடங்குதான். வெளியில் மலிவாகக் கிடைக்கும் "இரட்டைப் பலகை" மேசைகளில் பசை இருக்கிறதா என்று விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இனி எடைக்கு வருவோம், எங்களை அதிகம் உறுத்துவது இதுதான். மின்தராசு நடுக்கம் எதையும் எடையாகவே எடுத்துக்கொள்ளும். மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில், ஒரு கிரெயின் 0.0648 கிராம். நாம் பேசுவது அதில் பத்தில் ஒரு பங்கை, ஆறரை மில்லிகிராமை. குளிர்சாதனக் காற்று, மின்விசிறி, பக்கத்தில் அலறும் கைபேசி, பிளாஸ்டிக் தட்டின் நிலைமின், தராசு இன்னும் சூடேறாமை என்று இத்தனையும் அந்த ஆறரை மில்லிகிராமுக்குள் கைவைக்கும். சோதித்துப் பார்க்க விரும்புவோர் இப்படிச் செய்யுங்கள். தராசை அரை மணி நேரம் முன்பே இயக்கிவையுங்கள். சோதனை எடைக்கல்லை அதில் வைத்து, பிரஸ்ஸைத் தொடாமல் கால் மணி நேரம் விடுங்கள். எண் தானாக நகர்ந்தால் மேசைக்கு அதில் பங்கில்லை, காற்றையும் மின்சாரத்தையும் பாருங்கள். நகராமல் நின்று, பிரஸ்ஸை இயக்கும்போது மட்டும் துள்ளினால் தராசு இருக்கும் இடம் தவறு. எந்த மேசையானாலும் பிரஸ் பொருத்திய பலகையில் தராசு வைக்கக் கூடாது. சுவரில் தனித் தட்டு அடித்து அதில் வையுங்கள். துலாக்கோல் தராசு என்றால் முள் கண் மட்டத்தில் இருக்கட்டும், மேலிருந்து பார்த்தால் கோடு மாறித் தெரியும்.

மருந்து அளவிக்கும் (குடுவையிலிருந்து மருந்தைக் கொள்ளளவால் அளந்து விடும் கருவி) இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. நடுக்கத்தில் குடுவையிலுள்ள மருந்து படிந்து இறுகும், அதே கொள்ளளவில் எடை கூடும். புதிதாக நிரப்பியதும் முதல் பத்துப் பதினைந்து அளவுகளைக் குடுவைக்கே திருப்பிக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். குடுவை பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், முடிவில் ஒரே தட்டோடு இயக்குங்கள். உருண்டை மருந்து சீராக விழும். குச்சி வடிவ மருந்து உருளையின் விளிம்பில் சிக்கி வெட்டுப்படும், கையில் "கறுக்" என்று தெரியும், அந்த அளவை நம்பாதீர்கள். அதைக் கொஞ்சம் குறைவாக விட்டு, சொட்டான் என்னும், மருந்தைச் சிறுகச் சிறுக விடும் கருவியால் எடையைச் சரிக்கட்டுவதே நல்லது. வேலை முடிந்ததும் குடுவையைக் காலி செய்து மருந்தை அதன் டப்பாவிலேயே கொட்டுங்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். கூடக்குறைய விழுவதைவிட ஆபத்து, மருந்தே மாறிவிடுவது.

விளக்கையும் மறந்துவிடாதீர்கள். 50 குழிப் பலகையில் உறைகளை நிறுத்தி மருந்து போட்டதும், குண்டு பொருத்தும் முன் மேலிருந்து ஒளி பாய்ச்சி எல்லாவற்றின் மட்டத்தையும் ஒருசேரப் பாருங்கள். இரட்டை அளவும் வெற்று உறையும் அங்கேதான் சிக்கும். விளக்கு தலைக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே உறைக்குள் விழும்.

சேமிப்பு அலமாரியைப் பூட்டுள்ள இரும்பில் ஏன் செய்வதில்லை என்று கேட்டிருந்தீர்கள். புகையற்ற மருந்து திறந்தவெளியில் வேகமாக எரியும், அவ்வளவுதான். இறுக்கமான இரும்புக்குள் அடைபட்டுத் தீப்பிடித்தால் அழுத்தம் சேர்ந்து பெட்டியே வெடித்துச் சிதறும். அதனால்தான் அமெரிக்காவின் தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.யின் 495 விதி, வீட்டில் அசல் டப்பாக்களில் 20 பவுண்டு வரை, அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டியில் என்று சொல்கிறது. பிரைமர் (உறையின் அடியில் பொருத்தி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) 10,000 வரை. உங்கள் இடத்து விதி இதைவிடக் கடுமையானால் அதுவே செல்லும். பூட்டு வேண்டுமென்றால் அறைக் கதவுக்குப் போடுங்கள். பிரைமரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரே ஜாடியில் கொட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும். கரிமருந்துக்கு இவை எதுவும் பொருந்தாது, அது வேறு ஜாதி. புகையற்ற மருந்து டப்பாவின் மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறினாலோ செந்தூசி தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுவிட்டது, பயன்படுத்தாதீர்கள். தரையில் கம்பளம் வேண்டாம், ஈயத்தூசி அதில் தங்கிவிடும். சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

எங்களோடு இருந்த தச்சர் வேறு வேலைக்குப் போய்விட்டார். எனவே உங்கள் பிரஸ் மாடலுக்கு ஏற்ற துளைகளை இனி நீங்களே போட வேண்டியிருக்கும். கடினமான வேலை இல்லை. நடுவிலே வேண்டாம், ஒரு காலிலிருந்து 15 செ.மீ.க்குள் பிரஸ்ஸை வையுங்கள். ராமை முழுதும் இறக்கி, கீழே இணைப்புக் கம்பிகள் பலகை விளிம்பில் உரசாமல் ஆடுகின்றனவா, கைப்பிடி காலில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே பென்சில் எடுங்கள். பலகைக்கு அடியில் ஒரு வீண் கட்டையைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துத் துளையிட்டால் அடிப்பக்கம் பிளவுபடாது. முதலில் மெல்லிய துளை, பிறகு போல்ட் அளவு. போல்ட், பிரஸ்ஸின் துளை ஏற்கும் அளவில், பெரும்பாலும் 6 அல்லது 8 மி.மீ. அடியில் 5 மி.மீ. இரும்புத் தகடு, அகல வாஷர், நைலான் வளையம் வைத்த நட். முதல் 200 உறைகள் முடிந்ததும் ஒரு முறை இறுக்குங்கள், மரம் அமுங்கியிருக்கும். கடைசியாகப் பின்விளிம்பை எல் ஆங்கிளால் சுவரில் பிணையுங்கள். டம்ளர் சோதனையை அதற்குப் பிறகு செய்து பார்க்கக் காணொளி எடுத்தவரிடம் சொல்லுங்கள்.

தகடும் ஆங்கிளும் அடுத்த மாதம் முதல் தனிக் கணக்கில் வரும், பட்டியலும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

இத்தனை காலம் எங்கள் மேசையை நம்பி, நண்பர்களுக்கும் சொல்லி அனுப்பிய உங்களுக்கு என்றும் கடன்பட்டிருக்கிறோம். உரிமத்தின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்கிறோமே என்று முகம் சுளிக்காமல் தந்தீர்கள், அதற்கும் நன்றி. ஏற்கெனவே வாங்கிய மேசை ஆடுகிறது என்றால் பிரஸ்ஸின் அடித்தட்டையும் பின்காலையும் படமெடுத்து அனுப்புங்கள். எங்கே இறுக்க வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறோம்.

அன்புடன்,
மேசைப் பட்டறையினர்